நாக்கில் ஒட்டாத மண்

என் அக்காவைக் கட்டியவர் மண் தின்கிறவர். பெண் கொடுப்பதற்கு முன்பே யாராவது இதை எங்கள் காதில் போட்டிருக்கலாம். போடவில்லை. சுரங்கத்தில் நிரந்தர வேலை, குடிப்பழக்கம் கிடையாது, வாயைத் திறந்தால் பொய் வராது என்று மூன்று விஷயம் சொன்னார்கள். மூன்றும் உண்மைதான். வாயைத் திறந்தால் உள்ளே என்ன போகும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவர் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு துப்பிவிட்டு, "சிலிக்கா ஜாஸ்தி" என்றார். என் அம்மா அதை ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து உள்ளே போய்விட்டாள். அக்கா மட்டும் நகராமல் நின்றாள். இந்த ஆளோடு இன்னும் எத்தனை வருடம் தள்ள வேண்டும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

சுரங்கத்தில் அவருக்கு நாக்கு என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் ஊர் மலை முழுக்க பாக்சைட். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. செங்கல் நிறத்தில், பட்டாணி பட்டாணியாக உருண்டைகள் கலந்த மண், அவ்வளவுதான். இதை வெட்டிக் கப்பலேற்றி அனுப்பினால், எங்கேயோ ஒரு ஆலையில் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெள்ளை மாவாக்கி, அந்த மாவில் மின்சாரத்தைப் பாய்ச்சி அலுமினியம் எடுக்கிறார்கள். நாலு டன் மண்ணுக்கு ஒரு டன் அலுமினியம். இந்த வேலைக்கு ஒரே பகை களிமண். களியில் இருக்கிற சிலிக்கா காஸ்டிக் சோடாவை வீணாகக் குடித்துத் தீர்த்துவிடும். களி கலந்த மண்ணை ஏற்றிவிட்டால், அடுத்த கப்பல் வருவதற்குள் ஆலைக்காரர்களின் வசவு வந்து சேரும்.

எது நல்ல மண், எது களி என்று லேப் சொல்லும். ஆனால் சொல்ல இரண்டு நாள் ஆகும். அதுவரை லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு டிரைவர் என்ன சீட்டா ஆடுவார்? அதற்காகத்தான் எங்கள் மாமா. வெட்டுகிற இடத்திலேயே நின்றுகொண்டு, லாரிக்கு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். களி இருந்தால் நாக்கில் பசை மாதிரி ஒட்டும். நல்ல மண் ஒட்டாது, பல்லில் நறநறக்கும். அவர் வலது கையைத் தூக்கினால் லாரி கப்பல் குவியலுக்குப் போகும். இடது கையைத் தூக்கினால் கழிவு மேட்டுக்குப் போகும். இப்படி இருபத்திரண்டு வருடம் கை தூக்கியிருக்கிறார். ஒரே ஒரு தடவை லேப் அவரோடு ஒத்துப்போகவில்லை. மூன்று நாள் சண்டைக்குப் பிறகு லேப்பின் தராசு பழுது என்று கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து மேனேஜர் லேப் ரிப்போர்ட்டை மடித்து மேஜைக்குள் போட்டுவிட்டு, நாக்கு என்ன சொல்கிறது என்றுதான் கேட்பார்.

இந்தப் பெருமையோடு அவர் இருந்திருந்தால் எங்களுக்குத் தொல்லை இல்லை. உலகத்தில் உள்ள அலுமினியம் எல்லாம் தன் வீட்டுப் பிள்ளை என்கிற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்துத் தகடைத் தட்டிப் பார்ப்பார். ஏணி, ஜன்னல் சட்டம், சாப்பாட்டு டப்பா, ஊன்றுகோல், எதையும் விடமாட்டார். தலைக்கு மேலே விமானம் போனால் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார், வெளியூரில் படிக்கிற பிள்ளை பெரிய ஆளாகிவிட்டதைப் பார்க்கிற மாதிரி. "இதுல ஒரு இறக்கையாவது நம்ம மலைதான் மாப்ளே" என்பார். எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ளே. இருபது வருடமாக இந்த இறக்கைக் கதையைக் கேட்டுக் கேட்டு, விமானச் சத்தம் வந்தாலே நான் கடைக்குள் போய்விடுவேன்.

கடை என்றால் மருந்துக்கடை. அக்கா வீடு இருக்கிற தெருவின் முனையிலேயே வைத்திருக்கிறேன். மண் தின்கிறவருக்கு வயிறு சும்மா இருக்குமா? என்னதான் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தானே செய்யும். நெஞ்செரிச்சல் என்று வருவார். சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை, புதினா வாசனையோடு, ஓர் அட்டை கொடுப்பேன். முதல் தடவை அட்டையின் பளபளப்பைத் தடவிப் பார்த்து, இதுவும் நம்ம மண்தான் என்று பூரித்துப்போனார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படித்தார். அலுமினியம் ஹைட்ராக்சைடு, கூடவே கொஞ்சம் மெக்னீசியம். திரும்பவும் படித்தார்.

"காலைல நான் திங்கற மண்ணையே சாயங்காலம் புதினா போட்டுக் குடுக்கறியா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டாரா, சந்தோஷமாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று முதல் மாத்திரையைச் சப்பும்போது ஒரு உரிமை வந்துவிட்டது.

இதெல்லாம் சிரிப்பதற்கு நன்றாக இருக்கிறது. அக்காவுக்குச் சிரிப்பு வராது. காரணம், மாமா தன் நாக்கால் மூன்று தடவை தன் வீட்டையே இடித்தவர்.

சுரங்கம் என்பது ஒரு இடத்தில் நிற்கிற சமாசாரம் இல்லை. மண் இருக்கிற பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். நகர்கிற வழியில் வீடு இருந்தால், வீட்டைக் காலி செய்துவிட்டு அடியில் இருப்பதை எடுப்பார்கள். முதலில் கம்பெனி குடியிருப்பில் இருந்தார்கள். அதன் அடியில் நல்ல மண் இருக்கிறது என்று சொன்னவர் மாமா. அடுத்தது மலையடிவாரத்தில் ஒரு வாடகை வீடு. அதன் அடியிலும் நல்ல மண், அதையும் சொன்னவர் மாமா. மூன்றாவது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வீடு. அன்று அக்கா அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மாமா வந்து, சாமானைக் கட்டு என்றார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, மண்ணில் வெள்ளை மாவு எத்தனை சதவீதம் என்று கேட்டாள். இவ்வளவு வருடம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தினால் யாருக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வரும். ஐம்பத்திரண்டு என்றார் மாமா. அருமையான மண் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததாம். வீட்டைக் காலி செய்ததைக்கூட அக்கா மறந்துவிட்டாள், அந்தச் சந்தோஷத்தை மன்னிக்கவே இல்லை.

நாலாவது வீடு சொந்த வீடு. கம்பெனி வரைபடத்தில் "இங்கே மண் இல்லை" என்று எழுதியிருந்த ஒரு ஓரத்தில் ஒன்பது பேர் சேர்ந்து வீடு கட்டிக்கொண்ட தெரு. அக்கா கொத்தனாரோடு சண்டை போட்டு, சமையலறையைத் தன் இஷ்டப்படி கட்டிக்கொண்டாள். கைக்கு எட்டுகிற உயரத்தில் அலமாரி, தண்ணீர் தேங்காத தரை, கொல்லையைப் பார்த்தபடி ஒரு பெரிய ஜன்னல். இருபத்திரண்டு வருடமாக மாமாவின் சட்டையிலிருந்து செம்மண்ணைத் துவைத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு, தான் சொல்லி வைத்த இடத்தில் ஒரு குழாயும் ஒரு துவைகல்லும் கிடைத்தது இந்த வீட்டில்தான். ஆறு வருடம் நிம்மதியாக இருந்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை துளை போடுகிற வண்டி தெருவுக்குள் வந்தது. பழைய வரைபடம் போட்டவர்கள் இந்த ஓரத்தில் துளையே போடாமல் "இல்லை" என்று எழுதிவிட்டார்களாம். இப்போது போட்டுப் பார்க்கப்போகிறார்கள். வீட்டுக்கு ஒரு துளை, கொல்லையில். மண் நன்றாக இருந்தால் தெருவையே கம்பெனி எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் வீடுகளைக் கொடுக்கும். களியாக இருந்தால் தெருவை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் யாரும் தொடமாட்டார்கள்.

சாம்பிள் எடுக்க யாரை அனுப்பினார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று மத்தியானம் அக்கா அவரிடம் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, எதுவா இருந்தாலும் களின்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவை. நான் இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்லை."

மாமா அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கல்லாவிலிருந்து திருடச் சொன்ன மாதிரி பார்த்தார். நாக்கு பொய் சொன்னால் அப்புறம் அது நாக்கா என்று கேட்டார். அக்கா எழுந்து போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவரோடு பேச்சு கிடையாது. அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்து, அவர் கண் எதிரே ஒவ்வொரு பாத்திரமாகக் காகிதத்தில் சுற்றி அடுக்க ஆரம்பித்தாள். முதலில் எதைக் கட்டுவது, எதைக் கடைசியில் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. மூன்று நாளில் வீட்டில் ஆளுக்கு ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் வெளியே இருந்தன.

இங்கே என் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரு போக வேண்டும் என்றுதான் ஆசை. ஒன்பது வீட்டுத் தெருமுனையில் மருந்துக்கடை வைத்தவன் ஈ ஓட்டத்தான் வேண்டும். புதுக் குடியிருப்பில், ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரேயே கடை கிடைக்கும். கூடப்பிறந்தவள் பாத்திரம் கட்டுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலை நினைத்துக்கொண்டால் அது கொஞ்சம் குறைந்தது.

ஒன்பது கொல்லையிலும் துளை போட்டு, எடுத்த மண்ணை ஒன்பது துணிப்பைகளில் கட்டி, நம்பர் சீட்டு மாட்டி முடிக்கும்போது சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. லேப் திங்கட்கிழமைதான் திறக்கும். பைகளை மாமா தன் வீட்டுச் சைக்கிள் கொட்டகையில் வரிசையாக அடுக்கிவைத்தார். பூட்டவில்லை. அவர் பொய் சொல்லமாட்டார், ஆகவே வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்பது அவருடைய நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் தெருவே சைக்கிள் கொட்டகைக்கு வந்து போயிற்று. ஒருவர் காற்றடிக்கிற பம்ப் கேட்டு வந்தார். ஒருவர் பூனையைத் தேடி வந்தார். அவர் வீட்டில் பூனையே கிடையாது. இந்தத் தெருவில் இருப்பவை எல்லாம் சுரங்கத்துக் குடும்பங்கள். எதைக் கலந்தால் மண் கெடும், எதைக் கலந்தால் மண் உயரும் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேறு ஊராக இருந்தால் மனு எழுதியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் நேராக மண்ணிலேயே கை வைத்தார்கள்.

தெரு இருக்க வேண்டும் என்று நினைத்த வெல்டர், கூரை ஓடு ஒன்றை உடைத்து மாவாக இடித்துக் கொண்டுவந்து மூன்று பைகளில் போட்டார். ஓடு சுட்ட களிதானே, சிலிக்கா ஏறும். தெரு போக வேண்டும் என்று நினைத்த டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த முதல்தர பாக்சைட்டைத் தூளாக்கிக் கொண்டுவந்தார். அவர் போட்டது இரண்டு பைகளில். அக்கா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவள் பைகளைத் தொடவில்லை. என்ன கலந்தாலும் மாமாவின் நாக்கு கண்டுபிடித்துவிடும், வீண் வேலை என்று சொல்லிவிட்டாள்.

அதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படித்தவன் இல்லையா, எனக்கு விஞ்ஞானம் தெரியும். அலுமினியம் ஏற வேண்டுமானால் அலுமினியத்தையே போட வேண்டியதுதானே? கடையில் இருந்த நெஞ்செரிச்சல் மாத்திரை முழுவதையும் உரலில் போட்டு இடித்து, நாலு பைகளில் பிரித்துப் போட்டுக் கிளறிவிட்டு, டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை பைகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் மாமா பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பையில் முகம் சுளித்தார். இரண்டாவதில் கண்ணைத் திறந்தார். மூன்றாவதில் நாக்கை வெளியே நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேராகக் கடைக்கு நடந்து வந்தார்.

"அந்தப் புதினா மாத்திரை ஒரு அட்டை குடு மாப்ளே."

"ஸ்டாக் இல்ல மாமா."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் பைகளோடு மேனேஜருக்கு ஒரு சீட்டும் எழுதி அனுப்பினார். சாம்பிளில் கலப்படம் நடந்திருக்கிறது, பூட்டாமல் விட்டது நான், பொறுப்பும் என்னுடையதே என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு மனிதரோடு உறவு வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? திட்டினால்கூடத் தேவலை.

புதன்கிழமை மத்தியானம் மேனேஜரே தெருவுக்கு வந்துவிட்டார். கையில் லேப் ரிப்போர்ட். எல்லோரையும் மாமா வீட்டுக் கொல்லையில் கூப்பிட்டு நிற்கவைத்து, பை நம்பர் சொல்லி வாசித்தார். ஒன்று, ஐந்து, ஆறில் சூளையில் சுட்ட ஓடு. இரண்டு, எட்டில் மண் மிக நன்றாக இருக்கிறது, ஆனால் எட்டில் "ஏழாம் வகுப்பு, தொடாதே" என்று எழுதிய காகிதத் துண்டும் இருக்கிறது. மூன்று, நாலு, ஏழு, ஒன்பதில் மெக்னீசியம். இந்த மலையில் எங்கே தோண்டினாலும் மெக்னீசியம் கிடையாது என்று சொல்லி நிறுத்திவிட்டு, லேப் பெண்ணுக்குப் பையைத் திறந்ததும் ஜலதோஷம் சரியாகிவிட்டது என்றும் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடு இடித்தவரும் பள்ளிக்கூடத்து அலமாரியைக் காலி செய்தவரும்கூட என்னைத்தான் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் தெரிந்தது அசல் அருவருப்பு.

மேனேஜருக்கு நேரமில்லை. வண்டி அன்றைக்கே அடுத்த மலைக்குப் போகிறது. வரைபடம் அன்று சாயங்காலமே தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். மறுபடி ஒன்பது துளை போட்டு லேப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஒரே ஒரு துளை, இப்போதே, இந்தக் கொல்லையில். லேப் வேண்டாம், நாக்கு சொன்னால் போதும், அதையே எழுதிவிடுகிறேன் என்றார்.

துளை போடுகிறவர் பழைய குழிக்குப் பக்கத்திலேயே இறக்கினார். நாலு மீட்டர் ஆழத்திலிருந்து வந்த மண்ணைத் தகட்டில் கொட்டினார். துளையில் அரைபட்டு, ஈரமாக, சிவப்பாக இருந்தது. களியா, நல்லதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேனேஜர்கள் மண் தின்பதில்லை, ஆகவே அவர் மாமாவைப் பார்த்தார்.

சமையலறை ஜன்னலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் பாதி காகிதம் சுற்றிய ஒரு வாணலி. அவள் மாமாவைப் பார்க்கவில்லை. நம்பிக்கை வைக்கக்கூடாது என்று தீர்மானம் பண்ணிவிட்டவள் மாதிரி, வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அந்த ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

வழக்கமாக அவருக்கு மூன்று வினாடி போதும். அன்று எனக்குக் கால் வலிக்கிற அளவுக்கு நின்றார். வாய் அசையவில்லை.  பிறகு துப்பினார்.

"ஒட்டுது சார். களி."

இடது கையையும் தூக்கிக் காட்டினார். மேனேஜர் காகிதத்தில் இரண்டு கோடு போட்டு, கையெழுத்தும் போட்டார். போகும்போது மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்தத் தெருவுல எங்கிட்ட பொய் சொல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

மாமா கையை உடனே இழுத்துக்கொண்டார். மண் கை சார் என்றார்.

எல்லோரும் கலைந்து போனார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாத்திரை போயிற்று, மானம் போயிற்று, ஆஸ்பத்திரி வாசல் போயிற்று. அப்படி என்ன களி என்று குனிந்து, தகட்டில் மிச்சமிருந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் வைத்தேன். ஒட்டவில்லை. நாக்கால் அழுத்திப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. பல்லில் கடித்தேன், நறநறவென்று மண்டை வரைக்கும் கேட்டது. நான் மருந்துக்கடைக்காரன்; ஆனாலும் இருபத்திரண்டு வருடம் இவர் பேச்சைக் கேட்டவன். இந்த மலையில் இப்படி ஒரு மண் இதுவரை அகப்பட்டிருக்காது.

நிமிர்ந்தால் மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ ஒன்றைத் தொலைத்துவிட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"துப்பிடு மாப்ளே" என்றார் மெதுவாக.

துப்பிவிட்டேன்.

சாப்பிடக் கூப்பிட்டபோது அக்கா ஒரு பெட்டியைப் பிரித்து மூன்று கிண்ணங்களை வெளியே எடுத்திருந்தாள். எட்டு நாளுக்குப் பிறகு மாமாவோடு பேசினாள். முதலில் கொஞ்சம் குறைபட்டுத்தான் பேசினாள். இத்தனை வருடம் கண்டவர்கள் வீட்டு மண்ணை எல்லாம் அருமை, அருமை என்று சொல்லித் தன்னைச் சட்டை துவைக்கவைத்தவர், தன் சொந்த வீட்டு மண்ணைக் களி என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாராம். அவ்வளவு மட்டமா நம்ம மண் என்று கேட்டாள். மட்டம்தான் என்றார் மாமா, தட்டைப் பார்த்துக்கொண்டே. பிறகு அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நான் பொய் சொல்லச் சொன்னது தப்புங்க. நீங்க சொல்லிருந்தீங்கன்னா, என்னைக்கு யாரு வந்து தோண்டுவாங்களோன்னு நான் தினம் பயந்து செத்திருப்பேன். நீங்க சொல்லமாட்டீங்க. அதனாலதான் நிம்மதியா இருக்கு."

எனக்குப் புரையேறிவிட்டது. மாமா தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

மறு வாரமே அக்கா ஒரு எலுமிச்சங்கன்று வாங்கிவந்தாள். இனிமேல் யாரும் வரப்போவதில்லையே, கொல்லையில் ஒரு மரம் வைக்கலாம் என்றாள். அவள் வாழ்க்கையில் வைக்கப்போகிற முதல் மரம். குழி தோண்ட வெல்டர் கடப்பாரையோடு வந்து நின்றார். மாமா எழுந்து ஓடினார் என்றே சொல்ல வேண்டும். கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு, என் வீட்டு மரத்துக்கு நான்தான் தோண்டுவேன் என்றார். அவரிடம் அப்படி ஒரு பாசத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. வெல்டர் கண் கலங்கிப்போய் வீட்டுக்குத் திரும்பினார்.

ஒரு முழம் தோண்டியதுமே பட்டாணி பட்டாணியாக வர ஆரம்பித்தது. மாமா அதன்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கடையைச் சாத்திவிட்டு, தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கழிவு மேட்டுக்குப் போனேன். அங்கே அவர் இடது கையைத் தூக்கித் தூக்கி அனுப்பிய களி மலைபோலக் கிடக்கிறது. அதில் வழவழப்பாக இருக்கிற இடமாகப் பார்த்து இருவரும் அள்ளினோம். அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மூன்று நடை கொண்டுவந்து குழியில் கொட்டினோம். தோண்டிய நல்ல மண்ணைச் சாக்கில் கட்டிச் சைக்கிள் கொட்டகையில் வைத்து, இந்தத் தடவை பூட்டினார். மூன்றாவது நடையில் அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒரு தெருவே கலப்படம் பண்ணுச்சுன்னு சீட்டு எழுதினேன் மாப்ளே" என்றார். 

அக்கா வந்தாள். கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். குழி ஓரத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். அது விரலில் அப்பிக்கொண்டது. அவள் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. கையை எங்கள் இருவரிடமும் நீட்டிக் காட்டி, மாமா சொன்னால் சொன்னதுதான், பார், சுத்தக் களி என்றாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆமாம், சுத்தக் களி என்றார். இந்தத் தடவை அவருக்கு மூன்று வினாடிகூட ஆகவில்லை.